சவுண்டல் தோப்பில் பூசணம்

பொன்னுரங்கம் செத்த அன்று, அவர் பெண்டாட்டி கிளியம்மாள் பிணத்தை வாசலில் போட்டுவிட்டு மரத்துக்கு மருந்தடிக்கப் போனாள் என்று வேங்கைவாசல் பக்கம் இன்றைக்கும் சொல்வார்கள். சொல்கிறவர்களில் பாதிப் பேர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை. மீதிப் பேர் இருந்தார்கள். ஆனால் அந்த நேரத்தில் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவது நல்லது.

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் போகிற சாலையில் உள்ளே திரும்பினால் அந்த ஊர். எண்பதுகளில் அங்கே கிணற்றில் தண்ணீர் இருந்தவன் நெல் போட்டான், இல்லாதவன் மனை போட்டான். பொன்னுரங்கத்துக்கும் தம்பி அரிகிருஷ்ணனுக்கும் பாகம் பிரியாத ஒன்றரை ஏக்கர் செம்மண் மேடு இருந்தது. ஒரு மூலையில் பம்பு செட். கோடையில் அது தண்ணீரைவிடச் சேற்றைத்தான் அதிகம் தள்ளும். ஏரிக்கரையில் சமூகக் காடு என்று சவுண்டல் மரம் வைத்த வருஷம், ஊராருக்கும் கன்று கொடுத்தார்கள். எல்லோரும் ஆளுக்கு நாலு வாங்கி, இரண்டை ஆட்டுக்குக் கொடுத்து, இரண்டை மறந்தார்கள். பொன்னுரங்கம் மட்டும் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போனார்.

மூன்று வருஷத்தில் மேடு தோப்பாகிவிட்டது. கிளியம்மாள் தலை உயரத்துக்கு மேல் வளரவிடாமல் கொப்பு ஒடித்து, தழையைக் கட்டுக் கட்டாகக் கட்டி, சேலையூரில் மாடு வைத்திருந்த வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோய்ப் போடுவாள். வெட்ட வெட்டத் துளிர்க்கிற மரம். அந்தத் தழையில்தான் மகள் தனத்தைச் செய்யாற்றில் கட்டிக்கொடுத்தது; அந்தத் தழையில்தான் வீட்டில் உலை கொதித்தது.

அரிகிருஷ்ணனுக்கு அது பொறுக்கவில்லை என்று சொன்னால் பாவம். அவர் கெட்டவர் இல்லை. மனை விற்கிற தொழில்; மண்ணைப் பார்த்தால் அவர் கண்ணுக்கு அறுபதுக்கு நாற்பது அடி மனையாகத்தான் தெரியும், அவ்வளவுதான். அண்ணனும் தம்பியும் ஊர்ப் பெரியவர்கள் எதிரில் ஒரு பேச்சு வைத்துக்கொண்டார்கள். "மரம் பச்சையா கீற வரைக்கும் இங்க கல்லு நடக்கூடாது. காஞ்சிப்போனா உன் இஷ்டம்" என்றார் பொன்னுரங்கம். சவுண்டல் காய்ந்து யார் பார்த்தார்கள்? அந்தத் தைரியத்தில் சொன்ன வார்த்தை.

எண்பத்தெட்டாம் வருஷம் மாசியில் பேன் வந்தது. தலையில் வருகிற பேன் மாதிரியேதான். கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் பச்சை, கையை வைத்தால் துள்ளும். குருத்து முழுக்க மொய்த்துச் சாற்றை உறிஞ்சியது. இலை சுருண்டு, பிசுபிசுத்து, கருத்து, உதிர்ந்தது. மரம் மறுபடி துளிர்விட்டது, அதையும் உறிஞ்சியது. ஏரிக்கரைக் காடு முழுக்கத் துடைப்பம் நட்டாற்போல் நின்றது. எங்கேயோ அமெரிக்காப் பக்கத்துப் பூச்சி, தீவு தீவாகக் கடல் தாண்டி வந்தது என்றார்கள். "நம்ம புள்ளைங்க பாஸ்போர்ட்டுக்கு நாயா அலையுது, பேனு பாரு சொம்மா வந்துட்டுது" என்றாள் அடுத்த வீட்டு செல்லியம்மாள்.

இந்தச் செல்லியம்மாளைப் பற்றி ஒரு வார்த்தை. ஊரில் நடந்ததை நடந்த நாழிகைக்குள்ளும், நடக்காததை அதற்கு முன்னாலும் சொல்லக்கூடியவள். தம்பி பேச்சைக் கேட்டுப் பொன்னுரங்கம் முதலில் கடை விஷத்தை வாங்கி அடித்தார். பேன் ஒரு வாரம் ஒளிந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தது. வேலி ஓரம் தழை தின்ற செல்லியம்மாளின் ஆடு இரண்டு திரும்பி வரவில்லை. அதற்கப்புறம் மருந்து என்று யாராவது வாயைத் திறந்தால் அவள் ஆட்டின் பெயரைச் சொல்லி ஆரம்பித்துவிடுவாள்.

ஸ்ரீநிவாசராகவன் சார் வந்தது அப்போதுதான். தாம்பரம் பக்கம் ஒரு காலேஜில் தாவரப் பாடம் எடுக்கிறவர். ஒல்லி உடம்பு, பெரிய கண்ணாடி. கோடை மழை பெய்து ஓய்ந்த வாரம், ஏரிக்கரையில் ஒவ்வொரு மரமாகக் குனிந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஊர்ப் பெண்கள் காலையில் ஒதுங்குகிற இடம் என்பது அவருக்குத் தெரியாது. "கண்ணாடி வெச்சிகினு இன்னாத்தய்யா தேடற?" என்று செல்லியம்மாள் சொம்பை ஓங்கினாள். அவர் ஒரு குச்சியை நீட்டினார். குச்சியில் பேன்கள் செத்து ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் வெள்ளையாய்ப் பஞ்சு பூத்திருந்தது.

"இது பூச்சிக்கு வர்ற நோய்ம்மா. ஒரு பூசணம். தோல்ல ஒட்டி, உள்ள முளைச்சு, பூச்சியைத் தின்னுட்டு வெளியில பூக்கும். மனுஷாளுக்கு வராது, ஆட்டுக்கும் வராது" என்றார்.

ஆடு என்று சொன்னதால் சொம்பு இறங்கியது.

அந்தப் பூசணத்தை அவர் வீட்டில் வளர்த்தார். நொய்யை வேகவைத்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, பஞ்சால் வாயடைத்து, குக்கரில் அவித்து, அதில் ஒரு துளி பூசணத்தை விதைப்பாராம். மடி ஆசாரம் பார்க்கிற வீட்டில் சமையலறைப் பரண் முழுக்கப் பூசணம் பிடித்த சோறு. அவர் சம்சாரம் சரசு மாமி குக்கரைத் தனியாக வாங்கித் தந்து, "இதுலதான் உங்க சாதம், அதுலதான் நம்ம சாதம், மாறித்தோ, நான் எங்காத்துக்குப் போயிடுவேன்" என்று சொன்னதாகச் செல்லியம்மாள் சொன்னாள். அவளுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்கக் கூடாது. ஊரில் அவருக்குப் பூசணம் சார் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பொன்னுரங்கம் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து தோப்பைக் காட்டினார். சித்திரையில் ஒரு தடவை அடித்துப் பார்த்தார்கள். அந்த வெயிலில் பேன் பிழைத்தது, பூசணம்தான் செத்தது. "ஈரம் வேணும். மேகமூட்டம் வேணும். ஆவணியில பார்ப்போம்" என்றார் சார். அரிகிருஷ்ணன் சிரித்தார். "சரி அண்ணே, ஆவணி வரைக்கும். அதுக்கப்புறம் வார்த்தை மாறக்கூடாது."

ஆவணியில் மேகம் வந்தது. பாட்டில்கள் தயார், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருகிறேன் என்று சார் சொல்லியனுப்பினார். வியாழக்கிழமை படுக்கப்போகும்போது பொன்னுரங்கம் கிளியம்மாளிடம், "பம்பு வாயில துணி கட்டி வைடி. மண்ணு வந்து ஸ்பிரேயர் அடைச்சிக்கும்" என்றார்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். காப்பி போட்டு எடுத்துவருவதற்குள் முடிந்துவிட்டது.

*

பகல் மூன்று மணிக்குள் எல்லாம் முறைப்படி ஆகியிருந்தது. வாசலில் பெஞ்சில் பொன்னுரங்கம். தெருமுனையில் மேளம். உள்ளே, வந்திருந்த சுமங்கலிகள் கிளியம்மாளை உட்காரவைத்து, முகத்திலும் கழுத்திலும் முழங்கை வரைக்கும் அப்பி அப்பி மஞ்சள் பூசினார்கள். நெற்றி நிறையக் குங்குமம், தலை கொள்ளாத பூ, கை நிறைய வளையல். கடைசி மஞ்சள். இனி அவள் உடம்புக்கு மஞ்சள் இல்லை. செய்யாற்றிலிருந்து தனம் வந்துவிட்டால் எடுத்துவிடலாம். பிணம் எடுத்தபின் கிளியம்மாள் பதினாறாம் நாள் வரைக்கும் நிலைப்படி தாண்டக்கூடாது.

அவளுக்கு அழுகை வந்துகொண்டுதான் இருந்தது. நடுநடுவே பம்பு வாயில் துணி கட்டினோமா என்ற நினைப்பும் வந்துகொண்டிருந்தது. கட்டவில்லை.

நாலு மணிக்குப் பூசணம் சாரின் மொபெட் தெருமுனையில் வந்து நின்றது. இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் கேன், பின்னால் முதுகில் மாட்டுகிற புது ஸ்பிரேயர். மேளத்தைக் கேட்டு அவருக்குக் காலைத் தரையில் ஊன்றுவதா எடுப்பதா என்று தெரியவில்லை. செல்லியம்மாள்தான் முதலில் போனாள். வேறு யார் போவார்கள்?

"நேரம் பாத்து வந்தீங்களே சார். பொன்னுரங்கம் பூட்டாரு."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். "தெரியாதும்மா. நான் திரும்பிப் போயிடறேன்."

"கேன்ல கீறது?"

"காலையிலயே கரைச்சு வடிகட்டிட்டேன். தண்ணியில பட்டாச்சுன்னா உசிர் ரொம்ப நேரம் நிக்காது. கொட்டிட வேண்டியதுதான்."

செல்லியம்மாள் திரும்பி வந்தாள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். வாசல் தூண் ஓரத்தில் அரிகிருஷ்ணன் நின்றுகொண்டிருந்தார். காதோடு காதாகச் சொல்ல வழியில்லை. அவள் வட்டத்தில் போய் உட்கார்ந்தாள், கிளியம்மாள் தோளில் கையைப் போட்டாள், ராகத்தை எடுத்தாள்.

"என்னைப் பெத்த மகராசா, நீ வரச்சொன்ன ஆளு வந்து
முக்குல நிக்கிறாரே, மொகம் வாடி நிக்கிறாரே,
கரைச்சு வெச்ச மருந்தெல்லாம், கண்ணு எங்க அண்ணாவே,
பொழுது சாயும் முன்னால போயிடுமாம் உசுரு."

சுற்றியிருந்தவர்கள் மூக்கைச் சிந்தினார்கள். மருந்து குடித்தும் பிழைக்காமல் போனார் போலிருக்கிறது என்று யாரோ தலையில் அடித்துக்கொண்டார்கள். கிளியம்மாள் அழுகையை நிறுத்தினாள். பிறகு அவளும் ராகத்தில் கேட்டாள்.

"மறுபடியும் வளர்த்தெடுக்க, மருந்தாகிக் கைக்கு வர,
எத்தினி நாள் ஆகுமடி, ஏந்தங்கச்சி செல்லியே?"

செல்லியம்மாள் எழுந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு தெருமுனைக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்து, விட்ட இடத்தில் பிடித்தாள்.

"மூணு வாரம் ஆகுமாமே, முன்னபின்ன ஆகுமாமே."

மூன்று வாரத்தில் ஆவணி போய்விடும். அதற்குள் மரத்தில் இருக்கிற கடைசித் துளிரையும் பேன் தின்றுவிடும். இவள் உள்ளே மூலையில் உட்கார்ந்திருக்கும்போதே வெளியே கோடாலிச் சத்தம் கேட்கும். வேறு யாரையாவது அனுப்பலாமென்றால், பிணம் கிடக்கும்போது செத்தவன் நிலத்தில் ஊரில் ஒருத்தனும் கால் வைக்கமாட்டான். கிளியம்மாள் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"செல்லி, எனக்கு ஒதுங்கணும்."

"போ" என்றாள் செல்லியம்மாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. "நான் இங்க குந்திகினு கீறேன்."

கிளியம்மாள் பின்கட்டு வழியாகப் போனதும் செல்லியம்மாள் அவள் இடத்தில் நகர்ந்து உட்கார்ந்து, முந்தானையை முகம் மறைய இழுத்துப் போட்டுக்கொண்டு, முழங்காலில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அப்போதுதான் மறைமலை நகரிலிருந்து ஒரு வேன் நிறைய உறவுக்காரர்கள் வந்து இறங்கினார்கள். வந்தவர்கள் எல்லோரும் அவளைக் கட்டிக்கொண்டு, "உனக்கா இந்தக் கதி" என்று கதறினார்கள். செல்லியம்மாளின் புருஷன் பின்வரிசையில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

*

பின்கட்டிலிருந்து கிளியம்மாள் காட்டிய சைகையைப் பார்த்துச் சார் தோப்பு ஓரமாகவே சுற்றிக்கொண்டு வந்து பம்படியில் நின்றார். கிளியம்மாள் முந்தானை ஓரத்தைக் கிழித்துப் பம்பு வாயில் கட்டி மோட்டாரைப் போட்டாள். சார் கேனைத் திறந்தார். கஞ்சித் தண்ணீர் மாதிரி இருந்தது. பழைய புத்தக வாசனை அடித்தது. அவள் ஸ்பிரேயர் மூடியைத் திறக்கக் கை நீட்டினாள்.

"மஞ்சக் கையோட தொடாதீங்கம்மா" என்றார் அவர். "பூசணத்துக்கு மஞ்சள் ஆகாது. நன்னா அலம்பிண்டு வாங்கோ."

வகுப்பில் பையன்களிடம் சொல்கிற பழக்கத்தில் வந்துவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். முகம், கழுத்து, முழங்கை, தலை நிறையப் பூ.

"இல்லம்மா. வேண்டாம். நானே அடிக்கறேன்." ஸ்பிரேயரைத் தூக்கப் பார்த்தார். ஆனியில் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆன உடம்பு. பாதி தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு கீழே வைத்தார். "கொட்டிடலாம்மா. போகட்டும்."

கிளியம்மாள் தண்ணீர் விழுகிற இடத்தில் குந்தி, முதலில் கையைத் தேய்த்தாள், பிறகு முழங்கை, பிறகு கழுத்து. முகத்துக்கு வந்ததும் கொஞ்ச நேரம் தண்ணீரைக் கையில் ஏந்தியபடி இருந்தாள். பிறகு அதையும் கழுவினாள். மஞ்சள் தண்ணீர் வாய்க்காலில் இறங்கித் தோப்புப் பக்கம் ஓடப் பார்த்தது. அவள் காலால் மண்ணைத் தள்ளி அதை வேலிப்பக்கம் திருப்பிவிட்டாள். சார் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவர் கண்ணாடியைத் துடைத்தார் என்று கேள்வி. மழைத் தூறலும் அப்போது இருந்தது.

"எங்க அடிக்கணும்?"

"குருத்துல. இலைக்கு அடியில. பேன் நனையணும்."

அவள் ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு மேற்கு வரிசையிலிருந்து ஆரம்பித்தாள். ஒரு கை பிடியை மேலும் கீழும் ஆட்ட வேண்டும், ஒரு கை குழாயைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். தூரத்தில் மேளம் அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தாள், தன் கை அந்த அடிக்குத்தான் ஆடிக்கொண்டிருந்தது. வேகத்தை மாற்றிப் பார்த்தாள். கை மறுபடி அதிலேயே போய் விழுந்தது. அப்படியே விட்டுவிட்டாள்.

டேங்கு தீரத்தீரச் சார் நிரப்பினார். தோப்பில் பாதி தாண்டியிருக்கும். வேலி ஓரம் அரிகிருஷ்ணன் நிற்பதைப் பார்த்தாள். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"பொண்ணு வந்துட்டா அண்ணி."

அவள் அடித்துக்கொண்டிருந்த மரத்தை முடித்தாள்.

"ஊரே உன்னைக் கட்டிகினு அழுதுகினு கீது. பாத்தா செல்லியம்மா." அவர் குரலில் கோபம்தான் இருந்தது. கிட்டே வந்தார். "உனக்கு இது அடுக்குமா? எங்க அண்ணன் அங்க..." என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்தார். "மஞ்சள் எங்க?"

"கழுவிட்டேன். பூசணத்துக்கு ஆகாதாம்."

அரிகிருஷ்ணன் பம்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"இன்னும் பாதி கீது" என்றாள் கிளியம்மாள்.

"பொண்ணு வாசல்ல விழுந்து கெடக்கறா. வா அண்ணி." சாரைப் பார்த்து, "சார், போதும். நீங்க கெளம்புங்க" என்றார். ஸ்பிரேயரை அவரே அவள் முதுகிலிருந்து கழற்றினார். கனமாக இருந்தது போலிருக்கிறது. இரண்டு கையாலும் பிடித்துத்தான் இறக்கினார்.

இரண்டாவது கேனில் பாதிக்கு மேல் மிச்சம். சார் அதை மூடி, மொபெட்டில் மாட்டிக்கொண்டு போனார்.

வெறும் முகத்தோடு உள்ளே வந்தவளைப் பார்த்துப் பெண்கள் வாயில் கையை வைத்தார்கள். பிணம் எடுக்குமுன் மஞ்சளைக் கழுவினவள் உண்டா? செல்லியம்மாள் முக்காட்டை விலக்கிக்கொண்டு எழுந்து வந்தாள்.

"இன்னா பாக்கறீங்க? அழுது அழுது அவ்ளோ மஞ்சளும் கரைஞ்சி பூட்ச்சி" என்றாள். முழங்கை மஞ்சளும் எப்படிக் கண்ணீரில் கரைந்தது என்று யாரும் கேட்கவில்லை. அவளே மஞ்சளைக் குழைத்து, இன்னொரு தடவை, மெதுவாகப் பூசிவிட்டாள். கிளியம்மாளுக்கு அப்போதுதான் அழுகை முழுசாக வந்தது.

*

அப்புறம் பதினாறு நாள் அவள் இருட்டறையில். தோப்பைப் பற்றிச் சேதி சொல்ல ஊரிலேயே ஒரே ஒருத்திதான் வந்தாள், அது செல்லியம்மாளாகப் போயிற்று.

"எப்டிகீது?"

"பேனு எல்லாம் கொத்துக் கொத்தா வுழுது. நடந்தா காலு வழுக்குது."

"மெய்யாலுமா?"

"எங்க செத்துப்போன ஆட்டு மேல சத்தியம்."

கிளியம்மாளுக்கு நம்பவும் முடியவில்லை, நம்பாமலும் முடியவில்லை. பத்து நாள் போன பிறகு ஒருநாள் செல்லியம்மாள் சத்தமில்லாமல் வந்தாள். அதுவே அதிசயம். மடியிலிருந்து ஒரு குச்சியை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தாள் கிளியம்மாள். குருத்தில் பேன்கள் கால் பரப்பி ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றும் துள்ளவில்லை. ஒவ்வொன்றின் மேலும் வெள்ளையாய்ப் பூத்திருந்தது.

பதினாறாம் நாள் சடங்கு முடிந்து, வெள்ளைப் புடவையோடு அவள் வெளியே வந்தபோது பங்காளிகள் பேச்சை எடுத்தார்கள். எல்லோரும் தோப்புக்கு நடந்தார்கள். மேற்கே அவள் அடித்த வரிசைகளில் மரத்துக்கு மரம் துளிர் வந்திருந்தது. கிழக்கே வெறும் குச்சி. நடுவில் யாரோ கோடு கிழித்தாற்போல் இருந்தது.

அரிகிருஷ்ணன் கயிற்றை எடுத்துவரச் சொன்னார். "அண்ணன் வார்த்தை, பச்சையா கீற வரைக்கும். அதும்படி, பச்சை கீற வரைக்கும் அண்ணிக்கு. மிச்சம் எனக்கு. பத்திரம் நான் எழுதித் தரேன்." கடைசிப் பச்சை மரத்தில், தன் கண்ணெதிரே அவள் அடித்து முடித்த அந்த மரத்தில், அவரே கயிற்றைக் கட்டினார்.

கிளியம்மாள் கிழக்குப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சரி என்று தலையை ஆட்டினாள். புரட்டாசியில் அந்தப் பக்கம் கோடாலி விழுந்தது. மஞ்சள் பெயின்ட் அடித்த கல் நட்டார்கள்.

ஐப்பசி அடைமழையில், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே வெட்டின கட்டைகள் துளிர்த்தன. சார் குடையோடு வந்து, குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அங்கேயும் பேன் வந்திருந்தது. அங்கேயும் செத்து வெள்ளையாய்ப் பூத்திருந்தது.

"தானாவே பரவிடுத்தும்மா" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

"கொஞ்சம் முன்னாடியே பரவியிருக்கக் கூடாதா சார்" என்றாள் கிளியம்மாள்.

அதற்கு அவர் பாடத்தில் பதில் இருந்திருக்கலாம். குடையைச் சாய்த்துக்கொண்டு அடுத்த கட்டைக்குக் குனிந்தார்.

தொண்ணூறுகளில் கிழக்குப் பக்கம் வீடுகள் எழுந்தன. கடைசி மனையை விற்காமல் அரிகிருஷ்ணனே வீடு கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். காம்பவுண்டுச் சுவர் ஓரத்தில் ஒரு கட்டை விடாமல் துளிர்த்தது. வேரோடு எடுத்துவிட ஆள் பிடிப்பது அவருக்குப் பெரிய காரியமில்லை. ஆனால் தலை உயரத்துக்கு வந்துவிட்டால் சுவருக்கு மேலாகக் கூப்பிடுவார். "அண்ணி, உன் மரம் வளந்துகீது. வந்து வெட்டிகினு போ."

கிளியம்மாள் கத்தியும் கயிறும் எடுத்துக்கொண்டு போவாள். வெட்டுமுன் ஒரு குருத்தைத் திருப்பி அடியில் பார்ப்பாள். அதற்கு முன்னால் வாசல் குழாயைத் திறந்து இரண்டு கையையும் முழங்கை வரைக்கும் அலம்புவாள். அந்தக் கையில் மஞ்சள் பட்டுப் பல வருஷம் ஆயிற்று. அரிகிருஷ்ணனுக்கும் அது தெரியும். அவள் அலம்பி முடிக்கிற வரைக்கும் குழாய்ப் பக்கம் பார்க்காமல், தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.